கை பழகிய தரை, கூடவே வரும் குணம்: டென்னிஸ் கேள்வி பதில்

கேள்வி: சார், ஸ்பெயின் டென்னிஸ் வீரர் நடால் எழுதுவது வலது கையால், ஆடியது இடது கையால். சித்தப்பா டோனி திட்டம் போட்டு மாற்றியதுதானே?

திட்டம் என்று பலரும் சொல்கிறார்கள், டோனி மறுக்கிறார். சின்ன வயதில் பையன் இரண்டு பக்கமும் இரண்டு கையாலும் அடித்துக்கொண்டிருந்தான். ஒரு கையை எடுக்கும் நேரம் வந்தபோது இடது கை நின்றது, அவ்வளவுதான். ஆனால் அதில் லாபம் இருந்தது. மட்டைக் கைக்கு எதிர்ப்பக்கம் வரும் பந்தை அடிக்கும் பேக்ஹேண்டை அவர் இரண்டு கையால் ஆடினார், அதைத் தள்ளியது எழுதுகிற வலது கை. மட்டைக் கைப்பக்கம் அடிக்கும் ஃபோர்ஹேண்டோ அவர் ஊரான மயோர்க்கா தீவின் களிமண் தரையில் விளைந்தது. பந்தை முன்னோக்கிச் சுழலவிட்டுக் குறுக்கே அடிக்கும் அந்த டாப்ஸ்பின், வலது கைக்காரரின் பேக்ஹேண்ட் பக்கம் தோளுக்கு மேல் எகிறும். ஒற்றைக் கை பேக்ஹேண்ட் ஆடிய ஃபெடரர் பாரிஸ் பிரெஞ்ச் ஓப்பன் களிமண்ணில் நடாலிடம் பட்ட பாட்டைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

கேள்வி: அண்ணா, ஸ்வீடன் வீரர் போர்க் பிறவியிலேயே ஐஸ்கட்டி மாதிரி அமைதியானவரா?

இல்லவே இல்லை. சிறுவனாக இருந்தபோது மட்டையை வீசி, கத்தி, சில மாதம் ஆடவே தடை வாங்கியவர். அந்த அமைதி அதற்குப் பிறகு அவர் பழகிக்கொண்டது.

கை விஷயத்துக்கு வருவோம். ஸ்வீடனில் ஐஸ் ஹாக்கி ஆடி வளர்ந்த பையன். பழைய ஆட்டங்களை நிறுத்தி நிறுத்திப் பாருங்கள். பேக்ஹேண்டில் இரண்டு கையும் ஹாக்கி மட்டை பிடித்த மாதிரி வரும், பந்து பட்டதும் இடது கை விடுபட்டுவிடும். அன்றைய பயிற்சிப் புத்தகத்தில் இந்த அடிக்கு இடமில்லை. 1980 விம்பிள்டன் இறுதியில் மெக்கன்ரோவிடம் நான்காவது செட்டை முடிவுசெய்யும் டைபிரேக்கரை 16-18 என்று விட்டார். ஆட்டத்தையே முடிக்கும் வெற்றிப் புள்ளிகளைக் கையில் வைத்துக்கொண்டு விட்ட செட் அது. வேறு யாராக இருந்தாலும் அங்கேயே உடைந்திருப்பார்கள். இவர் ஐந்தாவது செட்டை 8-6 என்று எடுத்தார்.

கேள்வி: கோபக்காரர் அதிரடி, சாது தடுப்பாட்டம் என்று சொல்லலாமா?

சொல்லாதீர்கள். மெக்கன்ரோவுக்கு வாய் நெருப்பு, பந்து தரையில் படுமுன் அடிக்கும் வாலியோ பூப்போல. சாம்ப்ராஸ் பேசவே மாட்டார், சர்வ் இடி.

கேள்வி: ஐயா, ரமேஷ் கிருஷ்ணன் ஏன் அவ்வளவு மெதுவாக சர்வ் போட்டார்?

எனக்குப் பிடித்த கேள்வி! அவர் வீட்டில் பலத்தைவிட நேரக்கணக்குக்குத்தான் மதிப்பு. தாத்தா டி.கே. ராமநாதன் அப்பாவுக்குச் சொல்லிக்கொடுத்தார். அப்பா ராமநாதன் கிருஷ்ணன் 1954இல் ஜூனியர் விம்பிள்டன் வென்று, 1960, 1961 இரண்டு ஆண்டும் பெரியவர்கள் அரையிறுதி வரை போனார். மகன் அதே ஜூனியர் கோப்பையை 1979இல் எடுத்தார். பந்து தாழ எழும் புல்தரையில் பழகிய ஆட்டம்: எதிராளியின் வேகத்தைக் கடன் வாங்கிக் கோட்டோரம் வைப்பது. 1987இல் சிட்னி புல்தரையில், நாடுகள் மோதும் டேவிஸ் கோப்பை அரையிறுதியின் கடைசி ஆட்டத்தில் ஆஸ்திரேலிய வீரர் வாலி மசூரை நேர் செட்களில் முடித்து இந்தியாவை இறுதிக்குக் கொண்டுபோனார். 1989 ஆஸ்திரேலிய ஓப்பனில் உலகின் முதல் நிலை வீரர் விலாண்டரையே வீழ்த்தினார். சர்வ் வேகம் கூடியிருந்தால் இன்னும் மேலே போயிருப்பார் என்பதையும் ஒத்துக்கொள்கிறேன்.

கேள்வி: போர்ச் சூழல்தானே செர்பிய வீரர் ஜோகோவிச்சை உருவாக்கியது?

1999 குண்டுவீச்சு பெல்கிரேடில் எல்லாப் பிள்ளைகள் தலையிலும்தான் விழுந்தது. அதே ஊர் வீராங்கனை இவானோவிச் வற்றிய நீச்சல் குளத்தில் பழகினார். குளத்தின் பக்கச் சுவர் தடுத்ததால் குறுக்கே அடிக்க முடியாது, நேர்கோட்டில்தான் அடிக்கவேண்டும். ஜோகோவிச் பனிச்சறுக்குக் குடும்பம். கடினத் தரையான ஹார்ட் கோர்ட்டில் அவர் வழுக்கிப்போய்ப் பந்தை எடுக்கும்போது கணுக்காலைக் கவனியுங்கள்.

கேள்வி: என் மகளுக்கு 8 வயது, கூச்ச சுபாவம். பின்கோட்டில் நின்று ஆடும் பேஸ்லைன் ஆட்டமே போதுமா?

சரி, இப்போதே ஏன் முடிவு செய்கிறீர்கள்? வலையருகேயும் நிற்க விடுங்கள். அப்புறம், பெரியவர்கள் மட்டையைக் கொடுக்காதீர்கள். 23 அல்லது 25 அங்குலம் போதும்.