கன்னம் தூக்க நூல் வைத்துக்கொண்ட நாயனக்காரன் சொல்கிறேன்

கேள்வி: வயது 49. கண்ணுக்குக் கீழே கன்னச் சதை இறங்கி, மூக்கோரக் கோடு ஆழமாகிவிட்டது. கத்தி வைக்காமல் தூக்க வழி உண்டா? தஞ்சாவூர், திருச்சிப் பக்கம் செய்துகொள்ளலாமா?

வழி உண்டு. நானே செய்துகொண்டவன், அதனால்தான் கை சும்மா இருக்க மாட்டேன் என்கிறது. உங்கள் வீட்டில் தை மாசம் கல்யாணம் இருக்கிறது என்று நினைக்கிறேன். இந்தக் கேள்வி பெரும்பாலும் பத்திரிகை அடித்த பிறகுதான் வரும். அப்படியானால் இப்போது எதையும் தொடாதீர்கள். வீங்கி, கன்றிப்போய், ஒரு பக்கம் ஏறி ஒரு பக்கம் இறங்கி நிற்பதெல்லாம் அடங்க இரண்டு மூன்று வாரம் கையில் இருக்க வேண்டும்.

எனக்கு 56 வயது. மாயவரம் பக்கம், நாதஸ்வரம் வாசிக்கிறேன். 'நாயனக்காரனுக்கு எதுக்குய்யா மூஞ்சி அழகு?' என்று கீழே வந்து எழுதப்போகிறவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நாதஸ்வர மேதை திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை அந்தக் காலத்திலேயே கிராப்பு வைத்து, கோட்டும் ஷூவும் போட்டு மேடையேறியவர். அந்தக் கதையைக் கேட்டு வளர்ந்தவன் நான்.

மூன்று வருடத்துக்கு முன்னால் ஒரு கும்பாபிஷேகம். கமிட்டிக்காரர்கள் அடித்த பேனரில் என்னுடைய பதினைந்து வருடத்துப் பழைய போட்டோ. வேனை விட்டு இறங்கினேன். சட்டையில் பேட்ஜ் குத்திய பையன் ஒருவன் ஓடிவந்து, "வாங்க பெரியவரே, பேனர்ல இருக்கிற உங்க மகன் பின்னாடி வர்றாரா?" என்றான். தவில்காரத் தம்பி உறையை அவிழ்க்கிற சாக்கில் குனிந்துகொண்டு குலுங்கினான். எனக்கு இரண்டும் பெண்.

அடுத்த வாரமே திருச்சிக்குக் கிளம்பிவிட்டேன். வீட்டில், சீவாளி (நாயனத்தில் வாய் வைத்து ஊதுகிற துண்டு) வாங்கப் போகிறேன் என்று சொன்னேன். திருவாவடுதுறையைக் கூப்பிடு தூரத்தில் வைத்துக்கொண்டு சீவாளிக்கு எவனாவது திருச்சி போவானா? என் வீட்டுக்காரிக்கு அன்றைக்கே தெரிந்திருக்கும். ஒன்றும் கேட்கவில்லை.

அங்கே ஒரு கிளினிக்கில் த்ரெட் லிஃப்ட் செய்தார்கள். பி.டி.ஓ. என்று ஒரு நூல். ஆபரேஷனில் தையல் போடுவார்களே, உடம்புக்குள்ளேயே கரைந்துவிடுமே, அந்த ரகம்தான். இதில் முள் முள்ளாக வைத்திருப்பார்கள். மரத்துப்போக ஊசி போட்டு, நெற்றிப்பொட்டுப் பக்கம் முடிக்குள்ளே துளைத்து, நூலைக் கன்னம் வரை செலுத்தி, சதையை அந்த முள்ளில் மாட்டி மேலே இழுத்துவிடுகிறார்கள். பக்கத்துக்கு நாலு நூல், முக்கால் மணி நேரம். 42,000 ரூபாய், அதற்கு மேல் 18 சதவீதம் ஜி.எஸ்.டி. 7,560. அழகுக்குச் செய்கிற சிகிச்சை என்றால் வரி உண்டு, இன்ஷூரன்ஸ் கிடையாது. இதை யாரும் முன்கூட்டிச் சொல்ல மாட்டார்கள், கேட்டுக்கொள்ளுங்கள்.

கண்ணாடியில் பார்த்தேன். பேனர் போட்டோவுக்குப் பாதி தூரம் வந்திருந்தது. அப்போது தப்புச் செய்தது நான்தான், மறைக்கவில்லை. உள்ளே நுழையும்போது கொடுத்த படிவத்தில் தொழில் என்ற இடத்தில் 'விவசாயம்' என்று எழுதியிருந்தேன். அந்த ஏ.சி. அறையில் நாயனம் என்று எழுதக் கூச்சமாக இருந்தது. மூன்று வாரத்துக்கு வாயை அகலமாகத் திறக்காதே, கடினமானதை மெல்லாதே, குப்புறப் படுக்காதே என்று ஒரு தாள் கொடுத்தார்கள். பத்தாம் நாள் எனக்குக் கல்யாண வாசிப்பு. டாக்டர் கிளம்பிவிட்டார். முன்னால் உட்கார்ந்திருந்த பெண்ணிடம், "ஏம்மா, நான் வாசிக்கலாமா?" என்று கேட்டேன்.

"தாராளமா வாசிக்கலாம் சார். கண்ணுக்கு ஒண்ணும் ஆகாது."

பஸ்ஸில் வரும்போதுகூட எனக்கு உறைக்கவில்லை.

பத்தாம் நாள், மாப்பிள்ளை அழைப்பு. இங்கே ஒன்றைச் சொல்லாமல் போக முடியாது. பெண் வீட்டார் செண்டை மேளமும் வைத்திருந்தார்கள். இருபது பேர், ஒரே கரை வேட்டி, தலைக்கு மேலே ட்ரோன். செண்டையைக் குறை சொல்கிறேன் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள், அது பெரிய வித்தை, திருச்சூரில் போய்க் கேட்க வேண்டும். ஆனால் இருபது செண்டைக்குப் பக்கத்தில் இரண்டு நாயனத்தை நிறுத்தி வைத்துவிட்டு, "கொஞ்சம் சத்தமா ஊதுங்க" என்று சொல்கிறவர்களை என்ன செய்வது? தாலி கட்டும் நேரத்தில் எங்கள் முன்னால் கேமராக்காரரின் முதுகு. கெட்டிமேளத்துக்கு விரல் ஆட்டுவது எங்கள் கண்ணில் படாது, குத்துமதிப்பாக அடிக்கிறோம். நரசிங்கப்பேட்டை நாதஸ்வரத்துக்கு 2022இல் புவிசார் குறியீடு கிடைத்தபோது எல்லாரும் ஸ்டேட்டஸ் வைத்தார்கள். நாயனம் கடைகிற ஆச்சா மரத்துக்குக் குறியீடு, அதை ஊதுகிறவனுக்கு மூன்றாம் பந்தி.

சரி, கன்னத்துக்கு வருகிறேன். செண்டைக்கு மேலே கேட்க வேண்டுமே என்று ரோஷத்தில் மூச்சைப் பிடித்து ஊதினேன். கன்னத்தை உப்பி ஊதுவது என் பழக்கம், குருநாதர் அதற்காகவே தலையில் குட்டியிருக்கிறார். இடது கன்னத்துக்குள் 'டப்' என்று ஏதோ விட்டது. வலி பெரிதாக இல்லை. வாசித்து முடித்ததும் தவில்காரத் தம்பி, "அண்ணே, கன்னத்துல என்ன குழி?" என்றான். சிரித்தால் இடது பக்கம் மட்டும் குழி விழுந்தது. சின்னப் பிள்ளைக்கு விழுந்தால் திருஷ்டி சுற்றுவார்கள்.

அந்த கிளினிக்கில் போனை எடுக்கவில்லை. தஞ்சாவூரில் எம்.சி.எச். பிளாஸ்டிக் சர்ஜரி படித்த ஒரு டாக்டரிடம் போனேன். முதல் வேலையாகச் சர்க்கரை இருக்கிறதா, ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறீர்களா என்று கேட்டார். அப்புறம், என்ன தொழில் என்றார். சொன்னேன். சிரித்துவிட்டு, கன்னத்துத் தசை ஒன்றுக்குப் பக்சினேட்டர் என்று பெயர், லத்தீனில் எக்காளம் ஊதுகிறவன் என்று அர்த்தம் என்றார். திருச்சியில் கூச்சப்பட்டு மறைத்த தொழில், என் கன்னத்திலேயே பெயராக இருந்திருக்கிறது.

அவர் விளக்கியதை என் வார்த்தையில் சொல்கிறேன், நான் டாக்டர் இல்லை. வயதாக ஆக, கண்ணுக்குக் கீழே இருக்கிற கொழுப்புத் திட்டு சுருங்கி இறங்குகிறது, அதைப் பிடித்திருக்கும் நார்கள் தளர்கின்றன, அடியில் இருக்கும் மேல்தாடை எலும்பும் தேய்ந்து பின்வாங்குகிறது. பந்தல்கால் இற்றால் கீற்று தொங்குகிற மாதிரி. அதனால் தோலை மட்டும் இழுத்துப் பிரயோஜனமில்லை.

லேசாகத்தான் இறங்கியிருக்கிறது என்றால் ஹைஃபூ. தோலைக் கிழிக்காமல் ஒலியலைச் சூட்டை நாலரை மில்லிமீட்டர் ஆழம் வரை அனுப்புவது, பலன் தெரிய இரண்டு மூன்று மாதம் ஆகும். ஒல்லி முகத்துக்கு இருக்கிற கொழுப்பும் கரைந்து இன்னும் ஒட்டிப்போகலாம். குழிந்திருந்தால் ஃபில்லர், அதாவது ஊசியால் ஜெல் ஏற்றிக் குழியை நிரப்புவது. ஹயலுரானிக் அமில ரகம் ஒரு வருடம் முன்னே பின்னே நிற்கும், பிடிக்கவில்லை என்றால் வேறொரு ஊசி போட்டுக் கரைத்துவிடலாம். ஆனால் தவறி ரத்தக்குழாய்க்குள் போனால் தோல் அழுகும், அபூர்வமாகக் கண்பார்வையே போகும். அழகு நிலையத்தில் சலுகை விலைக்குப் போட்டுக்கொள்கிறவர்களைப் பார்த்தால் எனக்கு வயிறு கலங்குகிறது. வயிற்றுக் கொழுப்பை எடுத்துக் கன்னத்தில் வைப்பதும் உண்டு, அதில் ஒரு பங்கு கரைந்துவிடும். போடாக்ஸ் நெற்றிச் சுருக்கத்துக்குச் சரி, கன்னத்தைத் தூக்காது.

நன்றாக இறங்கிவிட்டது என்றால் நீங்கள் கேட்க விரும்பாத பதில்தான்: அறுவை. கீழிமை வழியாகவோ நெற்றிப்பொட்டு வழியாகவோ உள்ளே போய், ஆழத்துத் திசுவை மேலே தூக்கித் தைப்பது. பல வருடம் நிற்கும். கீழிமை இழுபடுவது, முக நரம்பு அடிபடுவது என்று அதற்குரிய ஆபத்தும் இருக்கிறது. நூலின் பலன் நன்றாகச் செய்தாலே ஒரு வருடம் ஒட்டி நின்றால் பெரிது.

எனக்கு அவர் அறுவை வேண்டாம் என்றார். பல வாரம் வாசிப்பை விட வேண்டும், உதட்டோரம் கொஞ்சம் மரத்தால்கூடப் பிழைப்புப் போய்விடும். குழியை விரலால் நீவி ஓரளவு விடுவித்தார், மீதி நூல் கரைய ஆறு மாதத்தில் சரியாகிவிட்டது. "முதல்ல பல்லைக் கட்டுங்க" என்றார். மேல்வரிசையில் ஐந்து கடைவாய்ப் பல் எனக்கு இல்லை, கன்னத்துக்கு உள்ளே முட்டு இல்லை. கட்டினேன். நடுக்கன்னம் ஏறவில்லை, கீழே கொஞ்சம் நிறைந்தது.

போன மாதம் ஒரு கோயில் பேனருக்கு இப்போதைய போட்டோவை நானே அனுப்பினேன். அச்சுக்கடைப் பையன் அதை வெளுக்க வைத்து, கன்னத்தையும் ஏற்றி அடித்துவிட்டான். ஏன்டா என்றேன். சதுர அடிக்கு வாங்கின காசிலேயே அதுவும் அடக்கமாம்.