வாசகர் கேள்வி பதில்: கிளித்தட்டு தெரிந்த பிள்ளைகளுக்கு லக்ராஸ்

கேள்வி: திருவாரூர் மாவட்டத்தில் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியராக இருக்கிறேன். 2028 லாஸ் ஏஞ்சலிஸ் ஒலிம்பிக்கில், வலை கட்டிய மட்டையால் பந்தைப் பிடித்தும் எறிந்தும் இலக்கில் போடும் ஆட்டமான லக்ராஸ் இடம்பெறுவதால், ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அதைக் கற்றுத்தரத் தொடங்கினேன். வரிசையில் நிறுத்தி எறியவும் பிடிக்கவும் பழக்கியதில் ஓரளவு தேறிவிட்டார்கள். ஆனால் ஆட்டம் தொடங்கியதும் அத்தனை பேரும் பந்தைச் சுற்றி மொய்த்துக்கொள்கிறார்கள். பழகிய எதுவும் வெளிப்படுவதில்லை. வாரத்துக்கு இரண்டு பாடவேளைதான் கிடைக்கிறது. நான் எங்கே தவறுகிறேன்?

பதில்: தவறு பயிற்சியில் இல்லை, அதன் வரிசையில் இருக்கிறது. எதிரில் ஆளே இல்லாமல் பழகிய எறிதலில், பந்தை எப்படி விடுவது என்பதை மட்டுமே பிள்ளைகள் கற்றிருக்கிறார்கள். எப்போது விடுவது, யாருக்கு விடுவது என்பதை அவர்கள் இன்னும் சந்திக்கவே இல்லை. இங்கிலாந்தின் லஃபரோவில் பணியாற்றிய பங்கர், தோர்ப் என்னும் இருவர் 1982-இல் முன்வைத்த கருத்தும் இதுவே: முதலில் சிறிய ஆட்டத்தைக் கொடுங்கள், அதில் என்ன செய்வதென்று மாணவர் திகைக்கும் இடத்தில் அதற்குரிய திறனைக் கற்றுக்கொடுங்கள்.

உங்களுக்கு ஒரு பெரிய வசதி இருக்கிறது. நம் ஊர்ப் பிள்ளைகளில் பலருக்குக் கிளித்தட்டு தெரியும். தட்டு மறிப்பவன் எதிரே இரண்டு பேர் நின்று, ஒருவன் இடப்புறம் பாய்வதுபோல் காட்டி அவனை இழுத்ததும் மற்றவன் வலப்புறம் கோட்டைத் தாண்டிவிடுகிறான் அல்லவா? லக்ராஸ் தாக்குதலின் அடிப்படை முழுவதும் அதில் அடங்கியிருக்கிறது. ஆகவே முதல் பாடவேளையில் மட்டையே வேண்டாம். பத்து மீட்டர் அகலத்தில் ஒரு பாதை கீறி, தாக்க இருவரையும் தடுக்க ஒருவரையும் நிறுத்தி, கையால் பந்தை ஆடவிடுங்கள். பந்து வைத்திருப்பவர் தடுப்பவரை நோக்கி நேராக ஓட வேண்டும். அவர் தன்பக்கம் திரும்பும் வரை பந்தை விடக்கூடாது. முன்பே விட்டால் தடுப்பவர் பந்தோடு நகர்ந்துவிடுவார், தாமதித்தால் மறித்துவிடுவார். இந்த ஒரு நொடியைக் கண்டுபிடிக்க இரண்டு பாடவேளை போனாலும் அது வீணில்லை. அதன் பிறகு மட்டையைக் கொடுத்து, அதே ஆட்டத்தை ஆடச் சொல்லுங்கள்.

அடுத்தது மூவருக்கு எதிராக இருவர். மொய்க்கும் பழக்கம் தீர்வது இங்கேதான். தாக்கும் மூவரும் எப்போதும் முக்கோணமாக நிற்க வேண்டும், பந்தை எறிந்தவர் எறிந்த இடத்திலேயே நிற்காமல் வெற்றிடத்துக்கு ஓட வேண்டும் என்ற இரண்டு விதிகள் போதும். தடுப்பவர்களுக்கும் இரண்டே சொல்லுங்கள்: ஒருவர் பந்துக்காரரை மறிக்கட்டும், மற்றவர் இலக்குக்கு முன்னால் பின்வாங்கி நின்று மீதி இருவரையும் பார்க்கட்டும். இடையில் ஆட்டத்தை நிறுத்தி, ‘இப்போது யார் தனியாக நிற்கிறார்?’ என்று கேளுங்கள். விடையை நீங்கள் சொல்லிவிடாதீர்கள்.

திறன்களில் தரைப்பந்து எடுப்பதற்கு முதலிடம் கொடுங்கள். தொடக்க நிலையில் பந்து வலையில் இருக்கும் நேரத்தைவிடத் தரையில் கிடக்கும் நேரமே அதிகம். முழங்கால்களை மடக்கி, மட்டையின் பின்முனையையும் தாழ்த்தி, பந்தைக் கடந்து ஓடியபடியே வாரி எடுக்க வேண்டும். நின்று குத்தினால் பந்து நழுவிக்கொண்டே போகும். ஓடும்போது வலையிலிருந்து பந்து விழாமலிருக்க மட்டையை மெல்ல அசைப்பதற்கு ஆங்கிலத்தில் தொட்டில் என்ற சொல்லையே வழங்குகிறார்கள். தூளி ஆட்டிய கைகளுக்கு அந்த அசைவை விளக்க வேண்டியதில்லை.

மட்டைகள் போதாவிட்டாலும் பாதகமில்லை. வட அமெரிக்கப் பழங்குடியினர் இந்த ஆட்டத்துக்கான மட்டைகளை வளைத்த மரத்தில் தோல்வார் பின்னித்தான் செய்தார்கள். வளைத்த பிரம்பில் பழைய மீன்வலைத் துண்டைக் கட்டி, முனைகளில் துணி சுற்றிக்கொண்டால் பயிற்சிக்குப் போதும். போட்டிப் பந்து கிரிக்கெட் பந்தைவிடச் சற்றே எடை குறைந்தது என்றாலும் கெட்டியான ரப்பராலானது. அதைத் தொடக்கத்தில் எடுக்காதீர்கள், மென்மையான ரப்பர் பந்தே நல்லது.

முழு மைதானத்துக்கும் அவசரப்பட வேண்டாம். ஒலிம்பிக்கில் ஆடப்போகும் வடிவமே அணிக்கு ஆறு பேர், 70 மீட்டருக்கு 36 மீட்டர் களம், எட்டு நிமிடங்களாக நான்கு பகுதிகள் என்ற சிறிய வடிவம்தான். பந்து கைவந்த 30 நொடிக்குள் இலக்கை நோக்கி எறிய வேண்டும் என்ற அதன் விதியை, பிள்ளைகள் முக்கோணம் பழகிய பிறகு சேர்த்துக்கொள்ளுங்கள். அதற்கு முன் சேர்த்தால் மறுபடியும் மொய்க்கத் தொடங்கிவிடுவார்கள். ஐப்பசி, கார்த்திகையில் மைதானம் சேறாகக் கிடக்கும்போது, தாழ்வாரத்தில் சாக்கட்டியால் களம் வரைந்து, புளியங்கொட்டைகளை ஆட்டக்காரர்களாக வைத்து நகர்த்தச் சொல்லுங்கள். ஓட்டத்தில் பின்தங்கும் பிள்ளைகள் சிலர் அங்கே முன்னே வருவதைப் பார்ப்பீர்கள். அவர்களையும் அணியில் சேருங்கள்.

கேள்வி: கும்பகோணத்தில் என் மகள் படிக்கும் பள்ளியில் லக்ராஸ் தொடங்கியிருக்கிறார்கள். மட்டையால் அடித்துக்கொள்ளும் ஆட்டம் என்கிறார்களே, அனுப்பலாமா?

பதில்: தாராளமாக அனுப்பலாம். உடலால் மோதுவதற்கு ஆண்களின் பெரிய களத்து ஆட்டத்தில் அனுமதி உண்டு. அவர்கள் தலைக்கவசமும் கையுறையும் அணிகிறார்கள். பெண்கள் ஆட்டத்தில் அந்த மோதலுக்கு இடமில்லை. பள்ளியில் இருபாலருக்கும் மோதலற்ற விதியையே வைத்திருக்கிறார்களா, மென்பந்து பயன்படுத்துகிறார்களா, இலக்குக் காப்பவருக்கு முகக்கவசம் இருக்கிறதா என்ற மூன்றையும் ஆசிரியரிடம் கேளுங்கள். கெட்டிப் பந்துக்கு மாறும் நாளில் கண்ணுக்கும் பல்லுக்கும் காப்பு வாங்கிக்கொடுக்க வேண்டியிருக்கும்.