தொலைபேசியில் பேசினால் முதியவர்கள் நடக்கத் தொடங்குவார்களா?

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் தனியாக வாழும் அம்மாவுக்குத் தொலைபேசி ஆலோசனை பயன்படுமா என்பது கேள்வி. பயன்படும்.

பயிற்சி பெற்ற ஒருவர் குறித்த நாளில் அழைப்பார். சென்ற வாரம் எவ்வளவு நடந்தீர்கள், எது தடுத்தது என்று கேட்டு, அடுத்த வாரத்துக்கு ஒரு சிறு இலக்கை அம்மாவோடு சேர்ந்தே முடிவு செய்வார். அவ்வளவுதான்.

நடப்பது நல்லது என்று தெரியாத முதியவர் யார்? தடுப்பது விழுந்துவிடும் பயம், மூட்டுவலி, துணையின்மை. டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியில் மேட்டுத் தெருவில் ஏற முழங்கால் மறுக்கிறது. வகுப்புக்குப் போக டாக்சி பிடிக்க வேண்டும். "மேடு வேண்டாம், வெயில் ஏறுமுன் வாசலுக்கும் வெளிக்கதவுக்கும் பத்து நடை போதும்" என்ற வழி பேச்சில்தான் பிறக்கிறது. அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் 1991இல் வெளியிட்ட ஆய்வில், தொலைபேசி வழிகாட்டலோடு வீட்டில் பயிற்சி செய்தவர்கள் வகுப்புக்குப் போனவர்களைவிட அதிகம் விடாமல் செய்தார்கள். அவர்கள் 50 முதல் 65 வயதினர்.

காவடிக்கு நேர்ந்துகொண்டவரிடம் அக்கம்பக்கத்தார் "விரதம் எப்படிப் போகிறது?" என்று விசாரிப்பார்கள் அல்லவா? விரதத்தைப் பாதி காப்பது (முருகன் மன்னிக்கட்டும்) அந்த விசாரிப்புதான். தொலைபேசி அழைப்பும் அப்படித்தான்.

பலர் அப்படி நினைத்தாலும், மகள் தினமும் அழைத்து "நடந்தீர்களா இல்லையா?" என்று அதட்டுவது ஆலோசனை அல்ல; ஆலோசகர் பேசுவதைவிடக் கேட்பதே அதிகம்.