சேவர் மாத்தினா சைஸ் ஏன் மாறுது? இந்தக் கிழமை வந்த கேள்வியள்

இந்த முறை வந்ததில பாதிக்கு மேல சேவர் மாத்தின கதைதான், பைலுகளைப் பழைய சேவரில இருந்து கொப்பி பண்ணினாப் பிறகு ஆளுக்கொரு சைஸ் வித்தியாசம். பதிலுக்கு முதல் வழக்கமாச் சொல்லுறதைச் சொல்லிப்போட்டுத் தொடங்கிறன்: எல்லாம் சரிபாத்து முடியுமட்டும் பழைய சேவரில கை வைக்காதேங்கோ.

கோப்பாயில இருந்து ஒரு தம்பி: பழைய சேவரில 40 ஜிபி இருந்த போல்டர் புது எக்ஸ்டேர்னல் டிஸ்க்கில 52 ஜிபி காட்டுது. வைரஸ் ஏதும் ஏறிட்டுதோ?

வைரஸும் இல்லை, ஒண்டும் இல்லை. பனங்கட்டியைக் குட்டானில (சின்ன ஓலைப் பெட்டியில) போடுறமாதிரி நினையுங்கோ, துண்டு எவ்வளவு சின்னனெண்டாலும் அதுக்கொரு முழுக் குட்டான் வேணும். சேவரில டிஸ்க்கை அடுக்கிற முறை ஈஎக்ஸ்டி4, அதில குட்டான் 4 கேபி. உங்கட டிஸ்க் எக்ஸ்ஃபேட், பெரிய டிஸ்க்குகளில அது 128 கேபி எண்டு கிடக்கும். ஒரு லட்சம் குட்டிப் பைல் இருக்கெண்டு நீங்களே எழுதியிருக்கிறியள், பெருக்கிப் பாருங்கோ, 12 ஜிபி கிட்ட வருது. இடத்தை அளக்கிற டியூ கொமாண்ட் எண்ணுறது குட்டானை, பனங்கட்டியை இல்லை. ரெண்டு பக்கமும் டியூ மைனஸ் பி போட்டுப் பாருங்கோ, அது பனங்கட்டியை எண்ணும், கிட்டத்தட்ட ஒண்டாத்தான் வரும்.

சைஸ் வித்தியாசமா இருக்கு, என்ன செய்யலாம்? அவசரம்.

எந்தப் பக்கம் கூட, எவ்வளவு கூட, என்னத்தால கொப்பி பண்ணினது, எந்தக் கொமாண்டில பாத்தது, ஒண்டும் எழுதேல்லை. நான் சாத்திரியார் இல்லை. நாலையும் எழுதி அனுப்புங்கோ, பிறகு பாப்பம்.

வேர்ச்சுவல் மெஷின் இமேஜ் (கொம்பியூட்டருக்குள்ள ஓடுற கொம்பியூட்டரின்ர டிஸ்க் பைல்) ஒண்டு, பழைய இடத்தில 20 ஜிபி, புது இடத்தில 100 ஜிபி.

ஸ்பார்ஸ் பைல். 100 ஜிபி எண்டு பேர், உள்ளுக்க எழுதினது 20 தான், மிச்சம் ஓட்டை. சும்மா அனுப்பினா கொப்பி பண்ணுற ஆர்சிங்க் கொமாண்ட் அந்த ஓட்டையெல்லாத்தையும் பூச்சியத்தால நிரப்பி எழுதும். பெரிய எஸ் ஒப்ஷனோட திருப்பி அனுப்புங்கோ. பைல் லிஸ்ட் காட்டுற எல்எஸ் இல பாத்தா ரெண்டும் 100 எண்டுதான் காட்டும், டியூவில பாத்தாத்தான் விசயம் தெரியும்.

தினம் எடுத்து வைக்கிற பக்கப் (காப்புப் பிரதி) போல்டர் எல்லாம் சேத்து 200 ஜிபி, எஸ்சிபி கொமாண்டில அனுப்பினா 1 டிபி டிஸ்க்கே நிரம்பிட்டுது.

ஹாட் லிங்க். ஒரே பைல் முப்பது பேரில கிடந்திருக்கும், எஸ்சிபி முப்பது தரமும் தனித்தனியா அனுப்பும், சிம்லிங்க் (வேற இடத்தில கிடக்கிற பைலைக் காட்டுற குறுக்குவழி) இருந்தா அதின்ர பின்னாலயும் போகும். ஆர்சிங்க்குக்குச் சின்ன ஏ, பெரிய எச் குடுத்து அனுப்புங்கோ. பெரிய எச்சை மறந்தா பிறகும் இதே கதைதான்.

எஃப்டிபியில அனுப்பின சிஎஸ்வி பைல் கொஞ்சம் சின்னனா வந்திருக்கு.

வித்தியாசம் வரியளின்ர எண்ணிக்கைக்குச் சமனோ எண்டு பாருங்கோ. சமனெண்டா ஆஸ்கி மோட் (எழுத்துப் பைலெண்டு நினைச்சு வரி முடிவை மாத்தி அனுப்புற முறை), வரி முடிவில ரெண்டு பைட் ஒண்டாப் போகுது. ஒண்டையும் மாத்தாமல் அப்பிடியே அனுப்புற பைனரி மோட்டுக்கு மாத்துங்கோ. சிஎஸ்வி வெறும் எழுத்துப் பைல் எண்டபடியாத் தப்பினியள், சிப் பைலோ படமோ எண்டால் உடைஞ்சிருக்கும்.

சாவகச்சேரி அண்ணை: சைஸ் ரெண்டு பக்கமும் பைட்டுக்குப் பைட் ஒண்டு. இனிப் பழையதை அழிக்கலாம்தானே?

அழிக்காதேங்கோ! சைஸ் வேறயா இருந்தா எல்லாரும் பதறிப்போய் எழுதுறியள், ஒண்டா இருந்தா நிம்மதியாப் படுக்கிறியள், எனக்கெண்டால் ரெண்டாவதுதான் பயம்.

கொஞ்ச வருசத்துக்கு முதல் கலியாண வீடியோ எடுக்கிற இடமொண்டில கூப்பிட்டவை. விண்டோஸில இருந்து பைலை இழுத்துச் சேவரில போட்டுக்கொண்டிருக்கேக்க கரண்ட் போட்டுது, திரும்ப வந்தாப் பிறகு பாத்தால் 30 ஜிபி பைல் 30 ஜிபியாவே கிடக்கு, சரி ஏறிட்டுதெண்டு மூலத்தை அழிச்சுப்போட்டு அந்த மெமரிக் கார்ட்டோட அடுத்த கலியாணத்துக்கும் போட்டினம். விண்டோஸ் கொப்பி தொடங்கேக்கையே முழுச் சைஸுக்கும் இடம்பிடிச்சு வைக்கும், எழுதி முடிஞ்சது அரைவாசி, மிச்சம் வெறும் பூச்சியம். பொன்னுருக்கு இருக்கு, தாலிகட்டு இல்லை. அந்தப் பொம்பிளையின்ர தாய் வந்து நிண்ட நிலையை நான் இஞ்சை எழுதேல்லை.

சைஸ் எண்டது மூட்டையின்ர நிறை, உள்ளுக்க கிடக்கிறது அரிசியோ மண்ணோ எண்டு தராசுக்குத் தெரியாது. செக்சம் எடுங்கோ, அது உள்ளுக்க கிடக்கிறதை முழுக்க வாசிச்சுக் கணக்குப் போட்டு எடுக்கிற கைரேகை மாதிரி. பழைய பக்கம் எல்லாப் பைலுக்கும் எஸ்எச்ஏ256சம் ஓடவிட்டு ஒரு லிஸ்டா எழுதி, அந்த லிஸ்டைப் புதுப் பக்கம் கொண்டுபோய் அதே கொமாண்டுக்கு மைனஸ் சி குடுத்தா ஒவ்வொண்டையும் ஒப்பிட்டுச் சொல்லும், பிழைச்சது எது, காணாமப் போனது எது எண்டு பேரோட வரும். "ஆர்சிங்க்கைத் திருப்பி ஓட்டினனான், ஒண்டும் அனுப்பேல்லை, அப்ப சரிதானே" எண்டும் சிலபேர் எழுதுறவை. அது சும்மா விட்டா சைஸையும் திகதியையும் மட்டும்தான் பாக்கும், ரெண்டும் ஒத்துவந்தா உள்ளுக்க என்ன கிடந்தாலும் தாண்டிப் போயிரும், சின்ன சி போட்டாத்தான் முழுசா வாசிக்கும். நேரம் எடுக்கும்தான், செக்கனுக்கு 100 எம்பி வாசிச்சா 1 டிபிக்கு மூண்டு மணித்தியாலம் கிட்ட. இரவு போட்டுவிட்டா விடிய முடிஞ்சிருக்கும். அதுக்குப் பிறகும் ஒரு மாதம் பழையதை வைச்சிருங்கோ.

விண்டோஸில இருந்து லினக்ஸ் சேவருக்கு அனுப்பினதில 37 பைல் குறையுது. எல்லாம் தமிழ்ப் பேர் வைச்ச பைல்.

நல்ல கேள்வி, விவரமா எழுதினதுக்கு நன்றி தங்கச்சி. விண்டோஸ் பேருக்கு 255 குறியீடெண்டு எண்ணும், லினக்ஸ் 255 பைட் எண்டு எண்ணும். லினக்ஸில யுனிகோட்டை எழுதிற முறையில எங்கட ஒவ்வொரு குறியீட்டுக்கும் மூண்டு மூண்டு பைட், "கி" எண்டால் க ஒண்டு, விசிறி ஒண்டு, ரெண்டு குறியீடு, ஆறு பைட். அப்ப லினக்ஸில மொத்தம் 85 குறியீடுதான் கொள்ளும். நீங்கள் பழைய பத்திரிகைக் கட்டுரையளை ஸ்கான் பண்ணி முழுத் தலைப்பையும் பேரா வைச்சிருக்கிறியள், நீளமான 37ம் விழுந்துபோச்சு. பேரைச் சுருக்கி அனுப்புங்கோ.

மக்கில இருந்து வாறவைக்கு இன்னொரு வில்லங்கம். "கொ" வில வாற கொம்பையும் காலையும் பழைய மக் பிரிச்சு ரெண்டு குறியீடா எழுதும், மற்றவை ஒரே குறியீடா எழுதுவினம், கண்ணுக்கு ஒரே பேர்தான், சேவருக்கு ரெண்டு பைல். இரட்டிப்பாக் கிடந்தா அதையும் பாருங்கோ.

பழைய பாமினி எழுத்துருவில இருந்த டெக்ஸ்ட் பைலுகளை யுனிகோட்டுக்கு மாத்தி ஏத்தினா ரெண்டரை மடங்கு ஆகிட்டுது.

மேல சொன்ன அதே மூண்டு பைட்தான். பாமினியில ஒரு தட்டுக்கு ஒரு பைட். கொப்பி பிழைக்கேல்லை, மாத்தினதாலதான். பாமினி மூலத்தையும் அழிக்காதேங்கோ.

மைஎஸ்கியூஎல் டேட்டாபேஸ் போல்டரை மூண்டு தரம் கொப்பி பண்ணினன், மூண்டு தரமும் வேற வேற சைஸ்.

ஓடுற மினிபஸ்ஸில ஆக்களை எண்ணுறியள். சேவிஸை நிப்பாட்டிப்போட்டுக் கொப்பி பண்ணுங்கோ, இல்லாட்டி டம்ப் (டேட்டாபேஸே எழுதித் தாற முழுப் பிரதி) எடுங்கோ. அந்த மூண்டு கொப்பியையும் நம்பாதேங்கோ.

1 டிபி டிஸ்க் 931 ஜிபி காட்டுது, கடைக்காரர் ஏமாத்திப்போட்டாரோ?

இல்லை. விக்கிறவன் 1000 ஆல பிரிக்கிறான், கொம்பியூட்டர் 1024 ஆல பிரிக்குது.

எல்எஸ் மைனஸ் எல் போட்டா பழைய போல்டர் 1.2 எம்பி, புதுசு 4 கேபி. ஏதோ விடுபட்டுப் போச்சோ?

அது போல்டருக்குள்ள கிடக்கிற பைலின்ர சைஸ் இல்லை, பேர் எழுதி வைக்கிற இடாப்பின்ர சைஸ். ஈஎக்ஸ்டி4 இல ஒருக்கால் பெருத்த இடாப்பு பைலை அழிச்சாலும் சுருங்காது. விட்டிட்டு மற்ற வேலையைப் பாருங்கோ.