நுரையீரல் கட்டியை ஊசி வழியே சுடும் சிகிச்சை: கேள்வி பதில்

அப்பாவுக்கு 74 வயது. மூச்சு ரொம்ப மோசம், ஆபரேஷன் தாங்கமாட்டார் என்றுவிட்டார்கள். 2.2 செ.மீ. கட்டி, வேறெங்கும் பரவவில்லை. சூட்டு சிகிச்சையில் என்னதான் செய்வீர்கள், டாக்டர்?

இந்தச் சிகிச்சைக்கு ஏற்ற ஆள் உங்கள் அப்பாதான். சி.டி. ஸ்கேனில் படுக்க வைத்து, படத்தைப் பார்த்துக்கொண்டே விலா எலும்பின் மேல் விளிம்பை ஒட்டி ஊசியை இறக்குவோம். கீழ் விளிம்பில் ரத்தக் குழாயும் நரம்பும் ஓடுகின்றன, அந்தப் பக்கம் போகக் கூடாது. ஊசி முனை கட்டிக்குள் நின்றதும் ரேடியோ அலையோ மைக்ரோவேவோ செலுத்துவோம். 60 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் செல்கள் உடனே செத்துவிடும். ரேடியோ அலையில் ஒரு சிக்கல்: சூடு 100 டிகிரியைத் தாண்டித் திசு கருகிவிட்டால் மின்சாரம் மேலே பாயாது. மைக்ரோவேவுக்கு அந்தத் தடை அவ்வளவாக இல்லை. சுற்றியுள்ள நுரையீரல் முழுக்கக் காற்று என்பதால், போர்வை போர்த்திய மாதிரி சூடு கட்டிக்குள்ளேயே தங்கும். கட்டியோடு சேர்த்துச் சுற்றிலும் 5 முதல் 10 மி.மீ. நல்ல திசுவையும் சுட்டால்தான் வேலை முடிந்ததாக அர்த்தம்.

ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறாரா? முதலில் அதைச் சொல்லுங்கள்.

அம்மாவுக்கு 5 செ.மீ., பெரிய மூச்சுக்குழாயை ஒட்டி இருக்கிறது. செய்யலாமா?

வேண்டாம். 3 செ.மீ. தாண்டினாலே பலன் குறைகிறது. பக்கத்தில் பெரிய ரத்தக் குழாய் ஓடினால் அது சூட்டை இழுத்துக்கொண்டு போய்விடும், ஓரத்தில் புற்று மிஞ்சும். மூச்சுக்குழாய் சுட்டுப்போகும் அபாயம் வேறு.

கல்லீரல், எலும்பு வரை பரவிவிட்டது...

இது புற்றுநோய் மருத்துவரிடம் கேட்க வேண்டியது. ஒரு கட்டியைச் சுடுவதால் மற்றவை அடங்காது.

நான் கதிர்வீச்சு மருத்துவர். ஆபரேஷன் முடியாத முதல் கட்ட நோயாளிக்கு எஸ்.பி.ஆர்.டி. (கட்டியைத் துல்லியமாகக் குறிவைத்துச் சில தவணைகளிலேயே கொடுக்கும் பலமான கதிர்வீச்சு) இருக்கும்போது ஊசியைப் பரிந்துரைப்பது நியாயமா?

வாங்க, எதிர்பார்த்தேன். எஸ்.பி.ஆர்.டி.க்குத்தான் சான்று அதிகம், வழிகாட்டு நெறிகளும் அதைத்தான் முன்னால் வைக்கின்றன. மறுக்கவில்லை.

பிறகு எதற்கு இது?

ஒரே இடத்தில் ஏற்கனவே கதிர்வீச்சு கொடுத்து, கட்டி திரும்பி வந்தவரை என்ன செய்வீர்கள்? மறுபடி கொடுக்கத் தயங்குவீர்கள். ஊசியைத் திரும்பவும் போடலாம், நுரையீரல் திறனும் பெரிதாக இறங்காது.

திரும்பவும் போட வேண்டி வருகிறது என்பதே என் புகார். கட்டி மறுபடி தலைகாட்டுவது உங்களிடம் அதிகம்.

பெரிய கட்டியில் உண்மை. ஆனால் பிழைப்பு விகிதத்தை வைத்து மட்டும் அடிக்காதீர்கள். ரேடியோ அலை ஊசியைப் பற்றி 2008இல் வெளிவந்த ராப்சர் ஆய்வில் 106 நோயாளிகள். அவர்களில் நுரையீரலிலேயே தொடங்கிய புற்று உள்ளவர்களில் இரண்டு வருடம் உயிரோடிருந்தவர்கள் 48 சதவீதம், புற்றுநோயால் ஏற்பட்ட மரணத்தை மட்டும் கணக்கிட்டால் பிழைத்தவர்கள் 73 சதவீதம். இடைவெளி எங்கிருந்து வந்தது? இதயம், மூச்சு என்று வேறு நோய்கள். ஆபரேஷன் தாங்காதவர்கள்தானே நம்மிடம் வருகிறார்கள்! இரண்டையும் நேருக்கு நேர் வைத்துச் சோதித்த பெரிய ஆய்வு வரட்டும், அப்புறம் தீர்ப்பு சொல்லலாம். அதுவரை இருவரும் ஒரே மேசையில் உட்கார்ந்து நோயாளியின் படத்தைப் பார்ப்பதுதான் சரி.

ஒரு மாத ஸ்கேனில் கட்டி முன்னைவிடப் பெரிதாகத் தெரிகிறதே?

தெரியத்தான் செய்யும். நல்ல திசுவையும் சேர்த்துச் சுட்டோமே, அந்தப் பரப்பு முழுவதும் படத்தில் விழுகிறது. பிறகு மெல்லச் சுருங்கும். சுருங்கியது மறுபடி வளர்ந்தால்தான் சந்தேகம்.

மாமாவுக்கும் முதல் ஸ்கேனில் பெரிதாகிவிட்டது, பயமாக...

மேலே உள்ள பதில்.

பெட் ஸ்கேனில் (சர்க்கரையை அதிகம் உறிஞ்சும் இடம் ஒளிரும் படம்) ஆறாவது வாரமே பளிச்சென்று...

அதே பதில்தான், ஐயா! ஆறும் புண்ணும் பெட் ஸ்கேனில் ஒளிரும். முதல் மூன்று மாதத்து பெட் படத்தை வைத்து யாரும் முடிவுக்கு வர வேண்டாம்.

ஆஸ்பிரினை நானே நிறுத்திவிட்டேன், அடுத்த வாரம் சிகிச்சை.

இதைத்தான் பயந்தேன். இதயத்தில் ஸ்டென்ட் இருந்தால் அது அடைத்துக்கொள்ளலாம். எழுதிக்கொடுத்த மருத்துவரிடம் இன்றே பேசுங்கள். பேஸ்மேக்கர் இருந்தால் அதையும் சொல்லுங்கள், ரேடியோ அலை அதைக் குழப்பும்.

சிகிச்சை முடிந்து நாலு நாளில் விமானம் ஏறலாமா?

கூடாது. ஊசி போன வழியில் காற்று கசிந்து நுரையீரல் சுருங்குவது இதில் அடிக்கடி நடப்பது. பலருக்குத் தானாகச் சரியாகிவிடும், சிலருக்குக் குழாய் போட வேண்டிவரும். எக்ஸ்ரேயில் காற்று முழுக்கப் போய்விட்டது என்று உறுதியான பிறகும், மருத்துவர் தேதி சொல்லும்வரை டிக்கெட்டைத் தள்ளிப்போடுங்கள்.