ரைஃபிளும் மற்றத் துப்பாக்கிகளும்

கேள்வி: செய்திகளில் ஒரே ஆயுதத்தை ஒரு நாள் ‘துப்பாக்கி’ என்றும் மறுநாள் ‘ரைஃபிள்’ என்றும் எழுதுகிறார்கள். ராணுவ ரைஃபிளுக்கும் மற்றத் துப்பாக்கிகளுக்கும் உண்மையில் என்ன வேறுபாடு?

பதில்: துப்பாக்கி என்பது பொதுப்பெயர், ரைஃபிள் அதில் ஒரு வகை. ரைஃபிள் குழலின் உட்சுவரில் திருகாணியின் மரைபோல் வளைந்து செல்லும் பள்ளங்கள் வெட்டப்பட்டிருக்கும். குண்டு அவற்றில் இறுகப் பதிந்து நகர்வதால் சுழன்றபடியே வெளிப்படுகிறது. சுழலும் பம்பரம் சாயாமல் நிற்பதுபோல, அதுவும் முனை புரளாமல் நெடுந்தொலைவு செல்கிறது. ஷாட்கன்னின் குழலோ பெரும்பாலும் வழவழப்பானது. ஒரே தோட்டாவிலிருந்து பல ரவைகள் சிதறிப் பாய்வதற்கென அமைந்தது.

பிஸ்டலின் குழலிலும் இதே பள்ளங்கள் உண்டு. ஆகவே அடுத்து, தோட்டாவைப் பார்க்க வேண்டும். 9 மி.மீ. பிஸ்டல் தோட்டா ஏறத்தாழ 3 செ.மீ. நீளமுள்ள குட்டை உருளை. ஏகே 47-இன் தோட்டா ஏறத்தாழ 5.6 செ.மீ. நீளத்தில், தோளில் அகன்று கழுத்தில் குறுகிய புட்டியைப்போல இருக்கும். இரண்டின் குண்டுகளும் சுமார் 8 கிராம் எடைதான். ஆயினும் முதலாவது நொடிக்குச் சுமார் 360 மீட்டர் வேகத்திலும், வெடிமருந்து மிகுதியாக அடைக்கப்பட்ட இரண்டாவது சுமார் 715 மீட்டர் வேகத்திலும் கிளம்புகின்றன. வேகம் இரு மடங்கானால் ஆற்றல் நான்கு மடங்காகும் என்பதால், காயத்தின் கடுமையும் அதற்கேற்ப மாறிவிடுகிறது.

வேட்டை ரைஃபிளிலும் வலிமையான தோட்டா உண்டு; இன்றைய ராணுவ ரைஃபிளைப் பிரித்துக் காட்டுவது தொடர்ந்து சுடும் வசதியே. முழு அளவுத் தோட்டாவின் பின்னுதைப்பைத் தோளில் தாங்கிக்கொண்டு ஒருவர் தொடர்ந்து சுட்டால் குறி நிலைக்காது. அதனால் ஜெர்மானியர்கள் தோட்டாவில் வெடிமருந்தை அடைக்கும் உலோக உறையின் நீளத்தை 57 மி.மீட்டரிலிருந்து 33 மி.மீட்டராகக் குறைத்து, 1944-இல் எஸ்டிஜி 44 என்று பெயர் பெற்ற ரைஃபிளை உருவாக்கினார்கள். பின்னர் சோவியத் நாட்டில் வந்த ஏகே 47-உம் பிஸ்டல் தோட்டாவுக்கும் முழு அளவுத் தோட்டாவுக்கும் இடைப்பட்ட வலிமையுள்ள தோட்டாவையே கொண்டது. ஏகே 47-இன் வலப்பக்க நெம்பு மேலே இருந்தால் பூட்டு, நடுவில் தொடர்ச்சியாகச் சுடும், அடியில் ஒவ்வொன்றாகச் சுடும். (குழலின் பின்வாயை அடைக்கும் போல்ட்டை ஒவ்வொரு முறையும் கையால் இழுத்துச் சுடும் பிரிட்டிஷ் லீ என்ஃபீல்டும் அதன் காலத்தில் ராணுவ ரைஃபிள்தான்.)

அமெரிக்காவில் பொதுமக்களுக்கு விற்கப்படும் ஏஆர் 15, பார்வைக்கு அந்நாட்டு ராணுவத்தின் எம் 16 ரைஃபிளை அப்படியே ஒத்திருக்கும். ஆனால் விசையை ஒருமுறை இழுத்தால் ஒரு குண்டுதான் பாயும். உயிர்ச்சேதம் பற்றிய செய்தியில், தோற்றத்தை மட்டும் பார்த்து ஆயுதத்துக்குப் பெயர் சூட்டுவது பெரும் பிழை என்றே கருதுகிறேன்.