பின்சக்கரம் தனி வழியில் போகிறதா?

கேள்வி: அப்பா இருபது வருடம் ஓட்டிய பைக்கை இப்போது நான் ஓட்டுகிறேன். பள்ளத்தில் இறங்கினால் பின்னால் ‘கடக்’ என்று ஒரு சத்தம். வளைவில் சாய்த்தால் பின்சக்கரம் தனி வழியில் போவது போல இருக்கிறது. இரண்டு ஷாக் அப்சார்பரையும் புதிதாக மாற்றியும் அப்படியேதான் இருக்கிறது. பின்பக்கத்தை நானே கழற்றிச் சுத்தம் செய்யலாமா?

பதில்: தாராளமாகச் செய்யலாம். ஸ்பேனரை எடுப்பதற்கு முன் ஒரு சோதனை. வண்டியை நடு ஸ்டாண்டில் போட்டு, பின்னால் உட்கார்ந்து, ஒரு கையால் சேஸிஸைப் பிடித்துக்கொண்டு மறு கையால் ஸ்விங் ஆர்மின் (பின்சக்கரத்தைத் தாங்கி மேலும் கீழும் ஆடும் கை) முனையைப் பக்கவாட்டில் இழுத்துத் தள்ளிப் பாருங்கள். டயரைப் பிடித்து ஆட்ட வேண்டாம், அப்படிச் செய்தால் சக்கர பேரிங்கின் ஆட்டமும் சேர்ந்து வந்து குழப்பும். ஆர்ம் ‘டக் டக்’ என்று அசைந்தால் கோளாறு அது சேஸிஸோடு சேரும் இடத்தில், அதாவது ஆர்மைச் சேஸிஸோடு கோக்கும் ஷாஃப்ட்டிலும் அதைச் சுற்றி உட்காரும் குழாய் போன்ற புஷ்ஷிலும் இருக்கிறது. கண்ணுக்கு முதலில் படுவது ஷாக் அப்சார்பர் என்பதால் எல்லோரும் அதைத்தான் முதலில் மாற்றுகிறார்கள்.

அந்த இடம் ஏன் இவ்வளவு சீக்கிரம் கெடுகிறது தெரியுமா? சக்கர பேரிங் முழு வட்டமாகச் சுற்றுவதால் கிரீஸ் எல்லாப் பக்கமும் போய்ச் சேருகிறது. ஸ்விங் ஆர்ம் ஷாஃப்ட்டோ சில டிகிரிக்குள் மேலும் கீழும் ஆடுவதோடு சரி, அதனால் பளு விழும் இடத்தில் இருந்த கிரீஸ் பிதுங்கி வெளியே போனால் திரும்ப வராது. அதற்கு மேல் டயர் வாரி அடிக்கும் தண்ணீரும் மண்ணும் வேறு. துருப்பொடியும் பழைய கிரீஸும் கலந்து செங்கல் நிறத்தில் ஒரு பசையாகிவிடும், அந்தப் பசையே உள்ளே கிடந்து இரும்பை அரைக்கும்.

கழற்றும்போது முன்சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, முன் பிரேக் லீவரை இழுத்துக் கட்டிவிடுங்கள், ஏனென்றால் பின்சக்கரம் வெளியே வந்ததும் எடை முன்னால் சாய்ந்து வண்டி ஸ்டாண்டிலிருந்து இறங்கப் பார்க்கும். செயின், பிரேக் ராடு, சக்கரம், அப்புறம் ஷாக் அப்சார்பர்களின் கீழ் போல்ட்டுகள் என்று வரிசையாக வரலாம். கழற்றும் ஒவ்வொரு வாஷரையும் அதே வரிசையில் ஒரு கம்பியில் கோத்து வையுங்கள், படமும் எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி தெரியும் வாஷர்கள் தடிமனில் மாறுபடலாம்.

இனிதான் பொறுமையைச் சோதிக்கும் இடம். பழைய வண்டியில் அந்த நீள ஷாஃப்ட் பெரும்பாலும் துருவேறி இறுகிப்போயிருக்கும். துரு இளக்கும் எண்ணெயை இரண்டு முனையிலும் விட்டு ஒரு இரவு அப்படியே விடுங்கள், காலையில் இன்னொரு முறை விடுங்கள். அடிக்கும் முன் நட்டைத் திரும்பவும் மரையின் முனைவரை ஏற்றி, பித்தளைக் கட்டையை இடையில் வைத்து அடியுங்கள். சுத்தியலால் நேரே அடித்து ஷாஃப்ட் முனை காளான் மாதிரி விரிந்துவிட்ட ஒரு வண்டி என்னிடம் வந்தது. விரிந்த முனை துளைக்குள் நுழையாது என்பதால் கடைசியில் அதை அறுத்துத்தான் எடுத்தேன், அரை நாள் போனது. அசையாவிட்டால் ஷாஃப்ட்டை ஸ்பேனரால் முன்னும் பின்னும் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிப் பாருங்கள். ஒரு நூலளவு திரும்பிவிட்டால் வெளியே வந்த மாதிரிதான்.

வெளியே வந்த ஷாஃப்ட்டை மண்ணெண்ணெயில் பிரஷ் போட்டுக் கழுவித் துடைத்து வெளிச்சத்தில் பாருங்கள். புஷ் உட்காராத நடுப்பகுதி பழைய நிறத்திலேயே இருக்கும். புஷ் உட்காரும் இடத்தில் நகத்தை வைத்து நீளவாக்கில் இழுத்தால், ஒரு படியில் இறங்குவது போல நகம் தட்டினால் ஷாஃப்ட்டும் புஷ்ஷும் இரண்டுமே மாற்ற வேண்டியவை. புது புஷ்ஷைப் பழைய ஷாஃப்ட்டில் போட்டால் ஆட்டம் அப்படியேதான் இருக்கும். புஷ்ஷுக்குப் பதில் ஊசி பேரிங் (ஊசி போல மெல்லிய உருளைகள் கொண்டது) உள்ள வண்டியில் ஊசிகள் ஒரே இடத்தில் அழுத்தி, சீப்பால் கீறியது போல வரிவரியாகப் பள்ளம் விழுந்திருக்கும். வழவழப்பாக இருந்தால் சுத்தம் செய்து அப்படியே போடலாம். பெட்ரோலில் கழுவ வேண்டாம், அதன் ஆவி சட்டென்று தீப்பிடிக்கும். ரப்பர் பாகங்களை மண்ணெண்ணெயில் ஊறவைக்காதீர்கள், உப்பிவிடும். அவற்றுக்குச் சோப்புத் தண்ணீர் போதும். கிரீஸ் நிப்பிள் (கிரீஸ் பம்ப்பைப் பொருத்தும் சிறு முனை) இருந்தால், ஷாஃப்ட்டுக்குள் போகும் துளையில் மெல்லிய கம்பியை விட்டுக் குத்துங்கள். கெட்டியான பழைய கிரீஸ் உள்ளே அடைத்திருந்தால், வெளியே எவ்வளவு பம்ப் அடித்தாலும் ஒரு துளிகூடப் போய்ச் சேராது.

பூட்டும்போது தண்ணீரைத் தாங்கும் கிரீஸைத் தாராளமாகப் பூசுங்கள், சீல்களின் உதட்டிலும்தான். கையேட்டில் சொன்ன அளவுக்கு நட்டை இறுக்கியதும், ஷாக் அப்சார்பர் மாட்டும் முன் ஆர்மைத் தூக்கி விடுங்கள். தடங்கல் இல்லாமல் தானாக இறங்க வேண்டும். உங்கள் வண்டியில் இருப்பது இரும்போடு ஒட்டிய ரப்பர் புஷ் என்றால் இந்தச் சோதனை பொருந்தாது. அதில் கடைசி இறுக்கத்தை வண்டி சக்கரத்தில் நின்று பளு ஏறிய பிறகே கொடுக்க வேண்டும். தொங்கும் நிலையில் இறுக்கினால் ரப்பர் எப்போதும் முறுக்கிக்கொண்டே இருந்து சீக்கிரம் கிழியும்.

கேள்வி: என் ஷாக் அப்சார்பரில் எண்ணெய் கசிகிறது. பிரித்துச் சரிசெய்யலாமா?

பதில்: சில பழைய மாடல்களைப் பிரிக்கலாம், பெரும்பாலானவை பிரிக்க முடியாதபடி மூடியவை. கேஸ் அடைத்த வகை என்றால் தொடவே வேண்டாம். அழுத்தத்தில் இருப்பதைத் துளையிடுவதும் சூடாக்குவதும் உயிருக்கே ஆபத்து. ஸ்பிரிங்கைக் கழற்றுவதற்கும் அதற்கென்று உள்ள அழுத்தும் கருவி வேண்டும், கயிற்றைக் கட்டி முயற்சி செய்து விரலை இழக்காதீர்கள். நீங்கள் செய்யக்கூடியது, வெளியே துடைத்து, ராடில் துருப்புள்ளி இருக்கிறதா என்று பார்ப்பது. அந்தப் புள்ளிதான் சீலைக் கிழிக்கும். மாற்றினால் இரண்டையும் சேர்த்து மாற்றுங்கள்.

கேள்வி: என் வண்டிக்குப் பின்னால் ஒரே ஷாக் அப்சார்பர். இதற்கும் இதே முறைதானா?

பதில்: ஷாஃப்ட்டுக்கு இதே முறைதான். கூடவே லிங்க்கேஜ் (ஆர்மையும் ஷாக் அப்சார்பரையும் இணைக்கும் சின்னக் கைகள்) இருக்கிறதா என்று குனிந்து பாருங்கள். ஹோண்டாவின் ப்ரோ-லிங்க், கவாசாகியின் யூனி-ட்ராக் எல்லாம் அந்த வகை. அதில் ஆர்முக்குக் கீழே, சேறு நேராக வந்து விழும் இடத்திலேயே இன்னும் சில பேரிங்குகள் இருக்கும். அவற்றை ஒவ்வொன்றாகக் கழற்றிக் கழுவிப் பூட்டுங்கள், மொத்தமாகக் கழற்றிக் குவித்தால் எந்த காலர் (பேரிங்குக்குள் நுழையும் சின்னக் குழாய்) எதற்கு என்று தெரியாமல் போகும். வண்டி கழுவும்போது அழுத்தத் தண்ணீரை அந்தப் பக்கம் காட்டாதீர்கள், சீலைத் தாண்டி உள்ளே போய்விடும்.